கறையும் கரைசலும்

முற்றம், திண்ணை, அடுக்களை, கிணற்றடி ஆகிய அனைத்துக்கும் நம் புனைகதைகளில் தாராளமாக இடமுண்டு. குளியலறையைக் கழுவும் வேலைக்கு அநேகமாக இடமில்லை. அவ்வேலையைச் செய்யும் கைகள் பெரும்பாலும் எழுதுகிறவர்களின் கைகளாக இல்லாதது ஒரு காரணமாயிருக்கலாம். எனவே இம்முறை ஒரு பழைய குளியல் தொட்டியைப் பற்றிப் பேசுவோம். இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிரிட்டிஷார் காலத்துப் பங்களாக்கள் சிலவற்றில் இருப்பது போன்ற, வார்ப்பிரும்பில் செய்து உட்புறம் வெள்ளை எனாமல் ஏற்றிய தொட்டியை எண்ணிக்கொள்வோம். எனாமல் என்பது வர்ணப் பூச்சு அன்று, அது கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்பின்மீது பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் படியவைத்த தோல். அந்தத் தோலின்மேல் காலம் மூன்று விதமாக எழுதுகிறது. குழாய் சொட்டும் இடத்தில் பழுப்புக் கோடு. அது இரும்புத் துரு. நீர்மட்டம் நின்ற இடத்தில் சாம்பல் வளையம்; சோப்பும் கடின நீரின் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாக்கியது. அங்கங்கே சொரசொரப்பான வெள்ளைப் படிவு. நம் வீடுகளில் உப்புக்கறை என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்.

மூன்றும் வேறுவேறு பொருள்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் நம்மவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: "ஆசிட்டை ஊத்து." உப்புக்கறையை அமிலம் கரைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் படிவோடு நிற்பதில்லை. பழைய எனாமலின் பளபளப்பையும் அரித்துவிடுகிறது. பளபளப்புப் போன பரப்பில் அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் பற்றும். அதற்கு இன்னும் அதிக ஆசிட் என்று கதை வளரும். வினிகரில் நனைத்த துணியைப் படிவின்மீது மட்டும் பத்து நிமிடம் போட்டுவைத்து, தேய்த்து, நன்றாக நீர்விட்டு அலசினால் போதும். தேவையானால் இன்னொரு நாள் மீண்டும் செய்யலாம். சாம்பல் வளையத்துக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் சமையல் சோடாவும் மென்மையான துணியும். கம்பி நார் கூடவே கூடாது. துருவுக்கு எலுமிச்சைச் சாற்றைச் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். பிளீச் துருவை நீக்காது. அதற்கு வெளுக்கத் தெரிந்ததெல்லாம் பூஞ்சையும் சாயமும் போன்றவற்றைத்தான். (வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். நுரை வருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைசலே.)

இதுவரை சொன்னது தொட்டியின் நலம். தொட்டிக்குள் குனிந்து தேய்க்கிறவரின் நலம் வேறு விஷயம். நாம் எழுத விரும்பியதும் அதைத்தான்.

ஆசிட் ஊற்றியும் போகாத கறைமேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது நம்மூரில் வெகு சாதாரணமாக நடக்கிறது. அப்போது வெளிவருவது குளோரின். 1774இல் ஷீலே என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்த வாயு அது. 1799இல் சார்லஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடராக்கிக் காப்புரிமை பெற்றார். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர போர்முனையில் ஜெர்மானியப் படை அதையே சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டது. பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும். குளியல் தொட்டியும் ஒரு பள்ளம்தான். அதற்குள் தலையைக் கவிழ்த்தபடிதான் அதைத் தேய்க்க முடியும்.

வினிகரும் அமிலமே, அதனுடனும் பிளீச் சேரலாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு. ஒரு பொருளைப் பயன்படுத்தினால் அன்றைக்கு அது ஒன்றுதான். ஜன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். நெடி மூக்கில் ஏறிக் கண் எரிந்தால், எதையும் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல் உடனே வெளியேற வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்; நுரையீரலில் நீர்கோப்பது சில மணி நேரம் கழித்தும் நிகழலாம்.

ஜப்பானில் இத்தகைய புட்டிகளின்மீது "கலக்காதே, ஆபத்து" என்று அவர்கள் மொழியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். இங்கே எச்சரிக்கை எறும்பளவு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் ஆசிட்டுக்கு அதுவும் கிடையாது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது பெண்களின் முகங்களைக் காக்க வந்த உத்தரவு, மிக அவசியமானது. குளியலறையில் மூச்சை உள்ளிழுக்கிறவரைக் காப்பது அதன் நோக்கமன்று.

ஆனால் குற்றத்தைப் புட்டியின்மேல் மட்டும் சுமத்த நமக்கு மனமில்லை. கலக்க வைப்பது பெரும்பாலும் ஒரு வாக்கியம்: "இன்னும் கறை போகலையே." வாசலில் நின்றபடி வீட்டுக்காரர் சொல்வது. கூலிக்கு வந்தவர் கையில் இருப்பதையெல்லாம் ஊற்றிப் பார்க்காமல் வேறென்ன செய்வார்? விளம்பரங்கள் சுத்தத்தையும் வெண்மையையும் ஒன்றாக்கிவிட்டன, நாமும் நம்பிவிட்டோம். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், வழுக்காமல், அலசி உலர்ந்த தொட்டி சுத்தமானது. அதில் பழுப்புக் கோடு ஒன்று எஞ்சியிருப்பதால் யாருக்கும் நோய் வரப்போவதில்லை. எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும் இடமோ கறையே அன்று, அது இழப்பு. எந்தத் திரவமும் அதை வெளுக்காது. புதிதாகப் பூச்சு ஏற்றலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

வேலைக்கு வருகிறவர் கையுறை கொண்டுவர வேண்டுமென்று எதிர்பார்ப்பது அநியாயம். அதை வாங்கிவைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. புட்டிகளின்மேல் இன்னது இன்னதென்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டலாம். படிக்கத் தெரியாதவராயின் வாயால் சொல்லலாம். அப்படியே குழாயில் தேய்ந்துபோன வாஷரையும் மாற்றிவிட்டால் நல்லது. சொட்டுவது நிற்காதவரை, எதை ஊற்றிக் கழுவினாலும், அந்தப் பழுப்புக் கோடு சில மாதங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.