பித்தமல்ல, மாத்திரைச் சண்டை

பிம்ப்ரிக்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்கு இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் பழகிய பெயர். பெனிசிலின் தயாரிக்க, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியுடன் 1954ல் அரசு தொடங்கிய நிறுவனம். பெனிசிலின் சிலருக்கு அலர்ஜி தரும். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையோடு இப்படி வம்புக்குப் போகாது. வம்பு செய்பவை பின்னால் வந்த எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும்.

ஆம்லோடிபின், நிஃபிடிபின் போன்ற மாத்திரைகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றைச் சிதைப்பது குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு என்சைம். மேற்சொன்ன இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் அந்த என்சைமை முடக்குகின்றன. விழுங்குவது வழக்கமான ஒரே மாத்திரைதான். ஆனால் அது கரையாமல் ரத்தத்தில் தேங்குகிறது. அழுத்தம் தேவைக்கு மேல் இறங்குகிறது.

இருமலுக்கு மருந்து ஆரம்பித்த சில நாளில் பெரியவர் கட்டிலை விட்டு எழும்போது தள்ளாடுவார். பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுப்பார்கள். இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழி பாத்ரூம் தரைக்கு.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் ஆவணங்களை அலசிய ஆய்வு 2011ல் வெளியானது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் தாழ் அழுத்தத்தால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு எரித்ரோமைசினால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு, கிளாரித்ரோமைசினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கூடியிருந்தது. அதே குடும்பத்து அஸித்ரோமைசினில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. (இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதையும் யோசித்தே தரவேண்டும்.)

மாற்று மருந்து இருக்கிறது. சிக்கல், கேட்கும்போது சொல்லாததில். பிம்ப்ரியானாலும் பெரம்பூரானாலும் பிபிக்கு ஒரு டாக்டர், இருமலுக்குத் தெருமுனை டாக்டர், அவசரத்துக்கு மருந்துக் கடைக்காரர். "வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்பார் பெரியவர். பத்து வருடமாகத் தினமும் போடும் மாத்திரை, அவர் கணக்கில் காலை காபியோடு சேர்ந்துவிட்டது. அட்டையைச் சட்டைப் பையில் எடுத்துப் போனால் ஞாபகத்தை நம்ப வேண்டாம். தலை சுற்றினால் பிபி மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளந்து பார்த்து டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

நம் நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இதன் தலைகீழ்க் கதை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதே என்சைமை முடுக்கிவிடும். பிபி மாத்திரை சீக்கிரம் கரைய, அழுத்தம் ஏறும். டாக்டர் அளவைக் கூட்டுவார். ஆறு மாத சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் இரண்டு வாரத்துக்குள் என்சைம் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிய அளவு மட்டும் சீட்டில் அப்படியே இருக்கும்.