ஆயிரத்தைந்நூறு ரூபாயும் ஐந்து வருடமும்

போன வாரம் மன்னவனூரில் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் தன் பேரன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுவதைப் பெருமையாகச் சொன்னார். கூடவே, "பையன் மேல பழைய பைக் கேஸ் ஒண்ணு இருக்கு. ஃபாரத்துல கேக்குறாங்களாம். 'இல்லை'ன்னு போட்டுரச் சொல்லிட்டேன். ஃபைன் கட்டி முடிஞ்சதுதானே?" என்றார். சுற்றி இருந்த நாலு பேரும் "அதான் சரி" என்றார்கள். எல்லாரும் என் வயதுக்காரர்கள். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

பெரியவர்களே, இந்த யோசனையை நாம் நிறுத்த வேண்டும். அது தப்பான யோசனை. அதைச் சொல்லிக் கெட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நீதிமன்ற எழுத்தராக முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். சிறு வழக்குகள் வரும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் கைகட்டி நிற்பான். "குற்றத்தை ஒத்துக்கிறியா?" "ஒத்துக்கிறேன் ஐயா." அபராதம் இவ்வளவு. அடுத்த பெயர். ஒரு நிமிடம்கூட ஆகாது. வராந்தாவில் யாராவது தயங்கி நின்றால், "ஒத்துக்கிட்டு கட்டிட்டுப் போப்பா, இதுக்காக எத்தனை தடவை பஸ் ஏறி வருவே?" என்று சொல்வது நானேதான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

2015-ல் எங்கள் கிளாவரைத் தம்பி ஒருவனுக்கும் அதையே சொன்னேன். பூம்பாறை தாண்டி ஒரு வளைவில், பனிமூட்டத்தில், அவன் ஓட்டிய கேரட் மூட்டை பிக்கப் ஒரு சுற்றுலாக்காரரின் பைக்கில் உரசிவிட்டது. அவருக்குக் கையில் சிராய்ப்பு. போலீஸ் போட்டது இந்திய தண்டனைச் சட்டம் 279, 337. அதாவது அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, அதனால் காயம் உண்டாக்கியது. அவன் அப்பா என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க கோர்ட்டுல இருக்கவங்க, என்ன செய்யலாம்?" என்றார். "ஒத்துக்கிட்டு முடிச்சுருங்க" என்றேன். 279-க்கு ஆயிரம், 337-க்கு ஐந்நூறு. ஆயிரத்தைந்நூறு ரூபாய் கட்டிவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். எனக்கு ஒரு பை பூண்டு வந்தது.

ஏழு வருடம் கழித்து அவனுக்குக் கனடாவில் லாரி ஓட்டும் வேலை அமைந்தது. குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் அடித்தார். அவர் அடித்தார் என்று சொன்னாலும் கீழே கையெழுத்து இவனுடையது. போலீஸ் சான்றிதழுக்கான விசாரணையில் பழைய வழக்கு வெளியே வந்தது. ஒரே கோப்பில் ஒரு தாள் 'இல்லை' என்கிறது, இன்னொரு தாள் 'இருக்கிறது' என்கிறது. பொய்த் தகவல் தந்ததாக விண்ணப்பத்தைத் தள்ளி, ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று கடிதம் வந்தது. ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அவன் அப்பா அரை ஏக்கர் பூண்டுக் காட்டை விற்றுக் கட்டிய பணம் அது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த ஐந்து வருடத் தடை பைக்கில் உரசியதற்காக வந்ததல்ல, பொய்க்காக வந்தது. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் சுலபமில்லை, மறைக்காமல் சொல்கிறேன். நம் ஊர் அபராதத் தொகையை அவர்கள் பார்ப்பதில்லை. அதே காரியம் தங்கள் சட்டத்தில் எந்தக் குற்றத்துக்கு நிகர் என்றுதான் பார்க்கிறார்கள். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதற்கும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் பத்து வருடம் வரை சிறை என்று ஆக்கிவிட்டார்கள். நமக்கு ஆயிரம் ரூபாய்க் கேஸ், அங்கே கடுங்குற்றமாக எடைபோடப்படலாம். ஆனால் அதற்கு ஒரு வழியையும் அந்தச் சட்டமே வைத்திருக்கிறது. தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால், திருந்தி வாழ்கிறேன் என்று காட்டி மறுவாழ்வு அனுமதி கேட்கலாம். எங்கள் தம்பிக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது! வழி திறந்திருக்க, சுவரேறிக் குதிக்கச் சொல்லிக் காலை ஒடித்துவிட்டோம்.

மற்ற நாடுகளும் இதில் இளைத்தவை அல்ல. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கு மூன்று வருடத் தடை உண்டு. அமெரிக்க விசா விண்ணப்பம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைதானது உண்டா, மன்னிப்புப் பெற்றிருந்தாலும் சொல் என்கிறது. அங்கே வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு ஆயுள் முழுக்கத் தடை, தனியாக விலக்கு வாங்கினால் ஒழிய. இங்கிலாந்தில் பழைய தண்டனைகளைக் காலம் கடந்தால் மறக்கலாம் என்று 1974-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் 2012 அக்டோபர் முதல் குடியேற்ற விஷயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்பது நம் காலத்துப் பேச்சு. கட்டு பரணில் கிடந்த காலம் போய்விட்டது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு வழக்கைத் தேடலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவு போட்டது. உங்கள் பேரன் மறந்தாலும் கம்ப்யூட்டர் மறக்காது.

"சின்ன கேஸ்தானே, நம்ம கோர்ட்டே மன்னிச்சுருமே" என்பார்கள். உண்மைதான். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், அற்ப வழக்கை மறைத்த இளைஞனுக்கு வேலை தரும் அதிகாரி இரக்கம் காட்டலாம் என்று சொன்னது. ஆனால் அது நம் நாட்டு அரசு வேலைக்கு. தூதரகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. தவிர, கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தீர்ப்பும் ஆரம்பிக்கிறது.

பாஸ்போர்ட்டிலும் இதே கூத்துதான். 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி பழைய தண்டனையால் மறுக்க வேண்டுமென்றால், அது கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறையாக இருக்க வேண்டும். பைக் கேஸ் அபராதம் அதில் வரவே வராது. வழக்கு நிலுவையில் இருந்தால்கூட, நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை இடம் தருகிறது. ஆனால் மறைத்தால்? 12-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்போர்ட்டையும் பறிக்கலாம். சொல்வதற்குச் செலவே இல்லாத இடத்தில்கூட பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறோம்.

எல்லா அபராதமும் ஒன்றல்ல என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஹெல்மெட் போடாததற்கு ரோட்டில் கட்டுவது, மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவில் நீதிமன்றம் போகாமலேயே முடிவது. 279 அப்படியல்ல, கூண்டில் நின்று ஒத்துக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. குடித்து ஓட்டிய 185-ம் அப்படியே. குளிருக்கு ரெண்டு ஊற்றிக்கொண்டு வண்டி எடுக்கும் நம் மலைப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 செப்டம்பரிலிருந்து முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்க 200-ஆம் பிரிவில் அதற்கு இடமில்லை. 2024 ஜூலையிலிருந்து 279 என்பது புதிய நியாய சன்ஹிதாவில் 281 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, கறை மாறவில்லை.

என் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. 'இல்லை' என்று டிக் அடித்துக் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் மேல் உண்டு. அதைவிட, ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒத்துக்கொள்ளச் சொன்ன எங்கள் கூட்டத்தின் மேல் அதிகம் உண்டு. போலீஸ், வக்கீல், கோர்ட் ஊழியர், எல்லாரையும்தான் சொல்கிறேன். "நீ ஒத்துக்கொண்டால் இது குற்றத்தீர்ப்பு. பாஸ்போர்ட், வேலை, வெளிநாடு எல்லா இடத்திலும் சொல்ல வேண்டி வரும். வழக்கை நடத்த உனக்கு உரிமை உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவி கேள்." இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்து, கூண்டில் ஏறும் முன் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்? அந்தப் பையன்களின் வாழ்க்கையை விடவா?

அதுவரை வீட்டில் வழக்கு முடிந்த பிள்ளை இருந்தால், தீர்ப்பு நகலும் அபராத ரசீதும் இப்போதே வாங்கி வையுங்கள். சில வருடத்தில் பழைய கட்டுகளைக் கழித்துவிடுவார்கள், பிறகு கேட்டாலும் கிடைக்காது. ஃபாரத்தில் கேட்டதை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லி, நகலை இணைத்து, நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கிடைக்காமல் போகலாம். ஆனால் திரும்பவும் கேட்கும் உரிமையாவது மிஞ்சும்.

மறுநாள் காலை பஸ் ஏறி அந்தப் பெரியவர் வீட்டுக்கே போனேன். பேரன் இன்னும் ஃபாரத்தை அனுப்பியிருக்கவில்லை. பிக்கப் ஓட்டிய எங்கள் தம்பி இப்போதும் அதே வளைவில்தான் கேரட் ஏற்றிப் போகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "ஐயா, ஏறுங்க" என்கிறான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.