சஸ்பென்ஷன் இருந்தால் மட்டும் போதுமா?

மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கா?" என்பதுதான். அதை ஓட்டுபவரின் எடைக்கு செட் செய்து தரச்சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே காற்றழுத்தம் எப்படிச் சரிவரும்?

காற்று ஃபோர்க் என்றால் பத்து நிமிட வேலை. மேல்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஹெல்மெட், பை சகிதம் ஏறி நின்று, குலுக்காமல் இறங்க வேண்டும். வளையம் நகர்ந்த தூரம்தான் 'சேக்'. 100 மி.மீ. ஃபோர்க்கில் அது சுமார் 20 மி.மீ. இருக்கலாம். கூடினால் காற்றடிக்க வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். அவ்வளவுதான்!

காற்று அதிகமானால் சக்கரம் கல்லுக்குக் கல் குதித்துப் பிடிப்பை இழக்கும். குறைந்தால், இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் அமுங்கி ஆளையே முன்னால் தள்ளும். பல்லும் தோள்பட்டையும் போகிற விஷயம் இது.

மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கிலோ மேலே உள்ள திருகு ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை மட்டுமே மாற்றும், ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. அந்தச் சுமைக்குச் சாதாரண ஃபோர்க்கே மேல்.

ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் கடைக்காரர், வண்டியைக் கையில் கொடுக்கும் முன் இந்தப் பத்து நிமிடத்தையும் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டே வாங்க வேண்டும்.