பகா எண் வந்தால் விடை ஒன்றா?

பிள்ளைக்கு மீப்பெரு பொதுக் காரணி சொல்லிக்கொடுக்க உட்காருகிறீர்கள். ஐந்து நிமிஷத்தில் பொறுமை போய்விடுகிறது. "பகா எண் ஒண்ணு வந்துட்டா யோசிக்காதலே, விடை ஒண்ணுன்னு எழுதிரு" என்று ஒரு குறுக்கு வழியைக் கையில் கொடுத்து எழுந்துவிடுகிறீர்கள். அண்ணாச்சி, அக்கா, அது தப்பான வழி. அதுவும் ஆழ்வார்திருநகரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா?

நம்ம ஊர் நம்மாழ்வாரின் திருவாய்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 பதிகங்கள்; பத்துப் பதிகம் சேர்ந்தது ஒரு பத்து. பதிகத்துக்கு 11 பாசுரம். இரண்டாம் பத்தில் பன்னிரண்டு திருநாமங்களைச் சொல்லும் பதிகத்துக்கு மட்டும் 13. ஆக 99 × 11 = 1089, அதோடு 13 சேர்த்தால் 1102. மார்கழி இராப்பத்தில் நாளுக்கொரு பத்தாகக் காதில் விழுகிற கணக்குதான் இது.

11, 13 இரண்டும் பகா எண்கள். இவற்றுக்கு மீப்பெரு பொதுக் காரணி என்ன என்று கேட்டால் பல பிள்ளைகள் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். பொதுவாக எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் பூஜ்யம். 1 எல்லா எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும், ஆகவே அது எல்லா எண்ணுக்கும் காரணி என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாததற்குத் தலையில் குட்டு மட்டும் விழுகிறது.

அடுத்து, ஒரு பத்தில் 110 பாசுரம்; இரண்டாம் பத்தில் மட்டும் 112. 11 பகா எண், 110 பகு எண். உங்கள் குறுக்கு வழிப்படி விடை 1. ஆனால் 110-ஐ 11 சரியாகப் பத்து முறை வகுக்கிறது. விடை 11! அதே 11-ஐயும் 112-ஐயும் வைத்தால் மீதி 2 வருகிறது, அங்கே விடை 1. பகா எண்ணைப் பார்த்ததும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது அடுத்த எண்ணை மீதியில்லாமல் வகுக்குமா? வகுத்தால் விடை அந்தப் பகா எண்ணேதான். இல்லையென்றால் 1. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டும் பகு எண்ணாக இருந்தால் விடை 1-ஐவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. நம்மாழ்வாரின் மற்ற பிரபந்தங்களில் திருவிருத்தம் 100 பாட்டு, பெரிய திருவந்தாதி 87. 100 என்பது 2 × 2 × 5 × 5. 87 என்பது 3 × 29. இரண்டும் பகு எண்கள்தான், ஆனாலும் பொதுவாக இருப்பது 1 மட்டுமே.

87-ஐயும் திருவாய்மொழியின் 1102-ஐயும் பக்கத்தில் வையுங்கள். 1102 பெரிய எண், காரணி தேடினால் பிள்ளை திணறும். யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன வழியில் போகட்டும். 1102-ஐ 87-ஆல் வகுத்தால் மீதி 58. 87-ஐ 58-ஆல் வகுத்தால் மீதி 29. 58-ஐ 29-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 29. மூன்றே வரி. தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தை அப்போது பாருங்கள், எந்த கைடும் அதைத் தராது.

இது ஆறாம் வகுப்போடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். பின்னத்தைச் சுருக்க இது வேண்டும்: 87/1102 என்பதை 29-ஆல் சுருக்கினால் 3/38. பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை என்று இதே கணக்கு மறுபடியும் வந்து நிற்கும். அன்றைக்கு டியூஷனுக்குக் கொட்டிக்கொடுக்கிற பணத்தை நினைத்தாவது, இன்றைக்கு அரைமணி நேரம் செல்போனைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். விடை சரியா என்று கேட்காதீர்கள், எப்படி வந்தது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும் ஆழ்வாரின் நான்கு பிரபந்தங்களுக்கும் சேர்த்த மொத்தம் 1296-ஐயும் 1102-ஐயும் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு விடை நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.