கைக்கூலிக்குப் பிணையான இளவரசி

அரண்மனைத் திருமணங்களை மேன்மைக்கு இலக்கணமாகக் காட்டுவோர் நம்மிடையே உளர். அவர்கட்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

1501-இல் ஸ்பெயின் இளவரசி கேத்தரின், இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தரை மணந்தார். பேசப்பட்ட கைக்கூலி 2,00,000 கிரவுன். அதில் பாதி கைமாறிற்று. ஐந்து திங்கள் நிறைவதற்குள் ஆர்தர் மாண்டார். கைம்பெண்ணுக்கு ஆதரவு தரவேண்டிய மாமனார் ஏழாம் ஹென்றி என்ன செய்தார்? பெற்றதைத் திருப்பித் தரவும் மனமில்லை. எஞ்சியதை விட்டுவிடவும் மனமில்லை. தந்தை பெர்டினாண்டோ மீதியைச் செலுத்தாது காலம் கடத்தினார். இருவர் பேரத்திற்கிடையே அப்பெண் ஏழாண்டுகள் வறுமையில் வாடினார்; வெள்ளிப் பாத்திரங்களை விற்று நாட்களைக் கடத்தினார். 1509-இல் அவரை மணந்த எட்டாம் ஹென்றியோ, ஆண் வாரிசு வேண்டி, 1533-இல் அத்திருமணமே செல்லாதென அறிவிக்கச் செய்தார்.

பெண்ணைப் பணத்தோடு வைத்து எடைபோடும் மணம், அரண்மனையில் நடப்பினும் சந்தை வாணிபமே. மஹரை மணமகன் மணமகளுக்கே மனமுவந்து அளிக்கவேண்டும் என்பது திருமறையின் கட்டளை. அதைத் தப்தரில் சிறு தொகையாக எழுதிவிட்டு, பெண்வீட்டாரிடம் பெருந்தொகை கேட்டு நிற்கும் நாம், ஏழாம் ஹென்றியை எந்த வாயால் பழிப்பது? வாங்கியதை முதலில் திருப்பிக் கொடுப்போம். பிறகு மார்க்கத்தின் மேன்மையைப் பேசுவோம்.