பாங்காக்கில் பார்த்த மரம்... நம் ஊர் கொன்றை!

“பாங்காக்கில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். கோடைக்காலத்தில் அங்கே சாலையோரமெல்லாம் இலையே தெரியாமல் மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும். அப்படி ஓர் அழகு! இப்போது பூந்தமல்லி பக்கம் உள்ள எங்கள் அரை ஏக்கர் நிலத்தின் வரப்பில் அந்த மரத்தை வளர்க்க ஆசை. நண்பர் மூலம் விதை வரவழைக்கலாமா?”

- வாசகர், ஆவடி.

வரவழைக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது நம் சரக்கொன்றை. சின்ன வயதில் ‘கொன்றை வேந்தன்’ படித்திருப்பீர்களே, அதே கொன்றைதான். தாய்லாந்தில் ‘ராட்சப்ருக்’ என்பார்கள். ‘ராஜ விருட்சம்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 2001-ம் ஆண்டு அதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். கேரளாவில் விஷுக்கனி வைக்கும் கணிக்கொன்னையும் இதுதான்.

வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வரவும் கூடாது. 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இன்னொரு மஞ்சள் பூ மரம், சென்னா ஸ்பெக்டாபிலிஸ், இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை வளைத்துக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. மானுக்கும் யானைக்கும் தீவனம் போய்விட்டது. வெட்டினாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிறது.

அதனால் நாற்று வாங்கும்போது ‘மஞ்சள் கொன்றை’ என்று சொன்னவுடன் வாங்கிவிடாதீர்கள். சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். அந்நிய மரத்தின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். சரக்கொன்றையின் சிற்றிலைகள் அகலமானவை, நான்கு முதல் எட்டு ஜோடி இருக்கும். மற்றதில் சிறிய, குறுகலான இலைகள் பத்து ஜோடிக்கு மேல் இருக்கும்.

விதை உங்கள் பகுதியிலேயே கிடைக்கும். மாசி, பங்குனியில் மரத்தில் ஒன்றரை அடி நீளத்துக்குக் கறுத்துத் தொங்கும் காய்களைப் பறித்து உடையுங்கள். உள்ளே அறை அறையாக விதை இருக்கும். பிசுபிசுப்பான சதையைக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சதை பேதியை உண்டாக்கும். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதைத்தோல் மிகவும் கடினமானது. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். உப்பிய விதைகளைப் பையில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள்.

முழங்கால் உயரம் வந்த கன்றைப் புரட்டாசி, ஐப்பசி மழையில் நடலாம். உங்கள் பக்கம் ஏரிப் பாசன நிலங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். கொன்றை அதைத் தாங்காது. மேடான வரப்பில், நல்ல வெயில்படும் இடத்தில், 15 அடி இடைவெளி விட்டு நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் போதும். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். மருந்தடிக்காதீர்கள், மரம் மறுபடி தழைத்துவிடும்.

பூக்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள். அப்புறம் சித்திரையில் பாங்காக்கை நினைத்து ஏங்க வேண்டியிருக்காது.