வாஷிங்டன் யார் வீட்டுப் பேரு?

வாஷிங்டன்னு குடும்பப்பெயர் வெச்சிருக்கிற கறுப்பின அமெரிக்கர்களைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க சிலர் ஒரே டயலாக்தான் விடறாங்க: "எஜமான் பேரு சாமி, மாட்டுக்கு சூடு போட்ட மாதிரி." கேக்க முற்போக்கா இருக்கு. ஆனா பாதி ஜல்லி.

2000-ஆம் வருஷ அமெரிக்க சென்சஸில் இந்தப் பேர்க்காரங்க 1,63,000 பேர். சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ல் செத்தப்போ மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகள் 317. அதில் அவருக்கே சொந்தமானவங்க 123 பேர். அவரோட சொந்தக்காரங்களும் அடிமை வெச்சிருந்தாங்க, எஜமான் பேரைச் சுமந்தவங்களும் இருந்தாங்க, இல்லைங்கலை. அதுக்காக 1,63,000 பேர் மேலயும் ஒரே சூடா?

சரி, அந்த எஜமான் குடும்பத்துக்கு மட்டும் இந்தப் பேர் வானத்திலிருந்தா வந்தது? இங்கிலாந்தில் வடக்கே டர்ஹாம் பக்கம் வாஷிங்டன்னு ஒரு ஊர். (தெற்கே சசெக்ஸிலும் ஒண்ணு இருக்கு. துணி துவைக்கிறதுக்கும் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒரு ஆளைச் சேர்ந்தவங்களோட பண்ணைன்னு அர்த்தம், அவ்வளவுதான்.) 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன்னு ஒருத்தர். ஹெர்ட்பர்ன் அவர் ஊர். அந்த நிலத்தைக் கொடுத்து, மாத்தா இந்த ஊரை வாங்கினார். 1183-ல் டர்ஹாம் பிஷப்புக்காக எழுதின போல்டன் புக்கில் இந்தக் கைமாத்து பதிவாகி இருக்கு. நிலம் மாறினதும் மனுஷன் பேரையும் மாத்திக்கிட்டார்! அவர் வம்சத்தில் வந்த ஜான் வாஷிங்டன் 1650-களில் வர்ஜீனியாவில் இறங்கினார். ஜார்ஜுக்குக் கொள்ளுத்தாத்தா.

ஆக, வெள்ளைக்காரர் நிலத்தோட பேர் மாத்தினா பரம்பரை, கறுப்பர் வெச்சுக்கிட்டா முத்திரை. நல்லா இருக்குங்க நியாயம்.

புக்கர் டி. வாஷிங்டன் கதையைப் பாருங்க. அடிமையாப் பிறந்தவர். விடுதலைக்கப்புறம் பள்ளிக்கூடம் போனா, வருகைப் பதிவில் எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு பேர் இருக்கு, சிலருக்கு மூணு. இவருக்கு வெறும் புக்கர். தன் முறை வர்றதுக்குள்ள யோசிச்சு வெச்சு, வாத்தியார் கேட்டதும் அசராம "புக்கர் வாஷிங்டன்"னு சொல்லிட்டார். எந்த எஜமானும் கொடுக்கலை. 1901-ல் வந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கார். பிறந்தப்பவே அம்மா தனக்கு டாலியாஃபெரோன்னும் பேர் வெச்சிருந்தாங்கன்னு பின்னால்தான் அவருக்குத் தெரிஞ்சுது. அதை நடுவில் செருகிக்கிட்டார். வாஷிங்டனை விடலை.